டிப்ளமோ மறுக்கப்பட்ட எட் ராபர்ட்ஸ்

நண்பர்களே, நம்மில் அரியர் வைத்து டிப்ளமோ தள்ளிப்போனவர்கள் உண்டு. அட்டெண்டன்ஸ் குறைந்து ஹால் டிக்கெட்டுக்கு அலைந்தவர்களும் உண்டு. ஆனால் பாடமெல்லாம் தேறிய பிறகும், கார் ஓட்டப் பழகவில்லை, டிரில் வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லி ஒரு மாணவனின் டிப்ளமோவை நிறுத்தி வைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? அதுவும் கழுத்துக்குக் கீழே ஒன்றிரண்டு விரல்களைத் தவிர எதையும் அசைக்க முடியாத மாணவனுக்கு!

அமெரிக்காவில் பள்ளி இறுதிச் சான்றுக்கும் டிப்ளமோ என்றுதான் பெயர். அந்த மாணவன் எட் ராபர்ட்ஸ். 1939 ஜனவரி 23-ல் கலிபோர்னியா மாநிலத்தின் சான் மாத்தியோவில் பிறந்தவர். 1953-ல், பதினான்கு வயதில், போலியோ தாக்கியது. தடுப்பூசி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 1955-ல். இரண்டே வருஷம் முந்திக்கொண்டது நோய்!

மூச்சு விடக்கூட மார்புத் தசை வேலை செய்யவில்லை. இரும்பு நுரையீரல் என்னும் உருளைக்குள் படுக்க வைத்தார்கள். தலை மட்டும் வெளியே. உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்தால் மார்பு விரியும், கூட்டினால் சுருங்கும். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதன் எடை சுமார் 360 கிலோ. காய்கறி மாதிரிதான் கிடப்பான் என்று ஒரு டாக்டர் தாயிடம் சொல்லிவிட்டார். பையன் மனம் உடைந்து சாப்பாட்டையே நிறுத்தி, எலும்பும் தோலுமானான். பிறகு பிழைத்தே தீருவது என்று அவனே முடிவெடுத்துச் சாப்பிடத் தொடங்கினான். பிற்காலத்தில் இதை வைத்தே தமாஷ் செய்வார்: காய்கறி என்றால் வெளியே முள்ளும் உள்ளே மெத்தென்றும் இருக்கும் ஆர்டிசோக்காக இருந்துவிட்டுப் போகிறேன் என்பாராம். நம்ம ஊர்க்காரராக இருந்தால் பலாப்பழம் என்றிருப்பார்.

வீட்டில் படுத்தபடியே டெலிபோன் வழியாகப் பள்ளிப் பாடம் கேட்டார். கடைசியில் டிப்ளமோ இல்லை என்றதும் தாய் ஸோனா சும்மா இருக்கவில்லை. தொழிற்சங்க அனுபவம் உள்ள அம்மா! பள்ளி நிர்வாகக் குழு வரை போய் வாங்கிவிட்டுத்தான் திரும்பினார். அந்த வீட்டின் முதல் போராட்டம் அதுதான்.

அடுத்து மறுவாழ்வுத் துறை. ஊனமுற்றோருக்குப் படிப்புச் செலவு தந்து வேலைக்குத் தயார் செய்வது அந்த மாநிலத் துறையின் பொறுப்பு. இவருக்கு ஊனம் மிகக் கடுமை, எந்த வேலைக்கும் போகப்போவதில்லை, பணம் செலவழிப்பது வீண் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். கல்லூரிக்காரர்களும் பத்திரிகைகளும் சத்தம் போட்ட பிறகுதான் கோப்பு திரும்பத் திறந்தது. அந்தத் துறையின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரும்பு நுரையீரல் நுழையும் ஹாஸ்டல் அறை ஏது? வளாக மருத்துவமனையில் ஒரு வார்டையே அறையாக்கிக் கொடுத்தார்கள். பகலில் தவளை மாதிரி காற்றை விழுங்கி மூச்சு விடப் பழகியிருந்தார். இரவில் உருளைக்குள் தூக்கம். மோட்டார் சக்கர நாற்காலி இவருக்கு ஒத்துவராது என்றார்கள். இவருடைய விரலால் கைப்பிடியைத் தள்ள முடியாது, இழுக்கத்தான் முடியும். கண்ட்ரோலை அப்படியே திருப்பிப் பொருத்தினார்கள், வண்டி ஓடியது! காதலியோடு தனியாகப் போக வேண்டும், பின்னால் தள்ள ஒரு ஆள் வந்தால் சரிப்படாது என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணம். தேவை இருந்தால் இன்ஜினியரிங் தானாக வரும் போல.

அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அந்த வார்டு ஒரு ஹாஸ்டலாகவே ஆனது. 1969 வாக்கில் இரண்டு பேர் சரியாகப் படிப்பதில்லை என்று உதவியை நிறுத்தி வெளியேற்ற ஒரு அதிகாரி முயன்றபோது, எல்லா மாணவர்களும் ஒன்றுசேர்ந்து எதிர்த்து நிறுத்தினார்கள். 1972-ல் பெர்க்லியில் சுயவாழ்வு மையம் பிறந்தது. உதவியாளர் ஏற்பாடு, வீடு தேடித் தருவது, சக்கர நாற்காலி ரிப்பேர் எல்லாம் அங்கே உண்டு, நடத்துவதும் ஊனமுற்றவர்களே. ராபர்ட்ஸின் கணக்கு எளிமையானது. ஒருவரை விடுதியில் அடைத்து வைக்க ஆகும் பணத்தைவிட, வீட்டில் உதவியாளருக்குச் சம்பளம் கொடுப்பது குறைவு. அந்த ஆள் வேலைக்கும் போவார். அப்புறம் எது வீண் செலவு?

1975-ல் கவர்னர் ஜெர்ரி பிரவுன் இவரை மாநில மறுவாழ்வுத் துறைக்கே இயக்குநராக நியமித்தார். ஆமாம், எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று எழுதிய அதே துறைக்கு! 1983 வரை அந்த நாற்காலியில் இருந்தார். மாநிலம் முழுக்கச் சுயவாழ்வு மையங்களுக்குப் பணம் போனது.

1977 ஏப்ரல் போராட்டத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. அரசுப் பணம் பெறும் எந்த இடமும் ஊனத்தைக் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது என்ற 504-ஆம் பிரிவு 1973-லேயே சட்டமாகிவிட்டது. ஆனால் செலவு அதிகம் என்ற பயத்தில் விதிகளில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசு அலுவலகத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். தலைமை ஜூடி ஹியூமன் என்ற பெண். அவரும் சக்கர நாற்காலிக்காரர். டெலிபோனைத் துண்டித்தார்கள். காது கேளாத நண்பர்கள் ஜன்னலில் நின்று சைகையிலேயே வெளியே சேதி அனுப்பினார்கள்! பிளாக் பேந்தர் கட்சிக்காரர்கள் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். மாநில அதிகாரியான ராபர்ட்ஸும் போராட்டக்காரர்கள் பக்கமே நின்று பேசினார். ஏப்ரல் 28-ல் கையெழுத்தானது. ரீகன் ஆட்சி அந்த விதிகளைத் தளர்த்தப் பார்த்தபோதும் எதிர்ப்பு கிளம்பி, 1983-ல் முயற்சி கைவிடப்பட்டது.

1984-ல் மக்ஆர்தர் பரிசு கிடைத்தது. 1995 மார்ச் 14-ல், 56 வயதில் காலமானார். அவருடைய சக்கர நாற்காலி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே 1995 டிசம்பரில்தான் நம் பாராளுமன்றம் ஊனமுற்றோருக்கான முதல் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் இடத்தில் 2016-ல் புதுச் சட்டம் வந்தது.

நம்ம ஆர்.கே.பேட்டையில் இந்தக் கணக்கு இன்னும் நன்றாகப் புரியும். 2023 ஜனவரியில் தமிழ்நாட்டில் வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் 2024-ல் 3,000-லிருந்து 6,000 ஆனது. பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் ஆந்திரா! அந்த அளவுக்கு இங்கேயும் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் சாலை மறியல் வரை போயிருக்கின்றன.