ஜேம்ஸ் டிரம்

ஜேம்ஸ் டிரம் (1897 – 1974) அயர்லாந்தைச் சேர்ந்த வேதியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல்-துத்தநாக மின்கலத்தைப் பயணிகள் தொடர்வண்டியை இயக்கும் அளவுக்கு வளர்த்தெடுத்தமைக்காக இவர் அறியப்படுகிறார். இவருடைய மின்கலங்களால் இயங்கிய தொடர்வண்டிகள் டிரம் தொடர்வண்டிகள் என்று அழைக்கப்பட்டன. அவை 1930களின் தொடக்கம் முதல் 1949 ஆம் ஆண்டு வரை டப்ளின் நகருக்கும் கடலோர ஊரான பிரேக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்றன. நிலக்கரிக்காகப் பிரித்தானியாவை நம்பியிருந்த ஒரு புதிய நாடு, தன் ஆற்று நீரில் பிறந்த மின்சாரத்தைக் கொண்டே இருப்புப்பாதைப் போக்குவரத்தை நடத்த முடியும் என்ற நம்பிக்கையை இவருடைய கண்டுபிடிப்பு ஏற்படுத்தியது.

பிறப்பும் கல்வியும்

டிரம் 1897 ஆம் ஆண்டு டவுண் மாவட்டத்தில் உள்ள டண்டிரம் என்னும் ஊரில் பிறந்தார். டப்ளின் நகரின் புறநகர்ப் பகுதி ஒன்றுக்கும் இதே பெயர் உண்டு. ஆனால் இவர் பிறந்த ஊர் இன்று வட அயர்லாந்தில் உள்ளது. மோனகன் நகரில் பள்ளிக் கல்வி பெற்ற பின்னர் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து வேதியியல் பயின்றார். அங்குப் பேராசிரியர் ஹியூ ரையன் இவருடைய ஆசிரியராக இருந்தார்.

படிப்பை முடித்தபின் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் வேதித் தொழில்துறையில் பணியாற்றினார். ஐரிஷ் சுதந்திர அரசு அமைந்த காலத்தில் டப்ளினுக்குத் திரும்பி, அங்கும் வேதிப்பொருள் தயாரிப்பில் ஈடுபட்டார். ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெறும் ஒரு வினையைத் தொழிற்சாலை அளவில் நடத்துவதில் உள்ள இடர்ப்பாடுகளை இப்பணிகளின் வழியே அறிந்துகொண்டார்.

காலப் பின்னணி

1922 ஆம் ஆண்டு உருவான ஐரிஷ் சுதந்திர அரசிடம் நிலக்கரி வளம் மிகக் குறைவாகவே இருந்தது. தொடர்வண்டிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தேவையான நிலக்கரி பெரும்பாலும் பிரித்தானியாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டது. இந்நிலையை மாற்றும் நோக்குடன் 1925 ஆம் ஆண்டில் ஷானன் ஆற்று நீர்மின் திட்டம் தொடங்கப்பட்டது. செருமனியின் சீமென்சு-சுக்கர்ட் நிறுவனம் கட்டிய ஆர்ட்னகிரஷா மின்நிலையம் 1929 ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது.

மின்சாரம் கிடைத்தவுடன் அதை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்வி எழுந்தது. அன்றைய அயர்லாந்தில் மின்சாரம் பெற்ற வீடுகள் சிலவே. இருப்புப்பாதைகளை மின்மயமாக்குவது ஒரு வழியாகத் தோன்றினாலும், மேல்நிலைக் கம்பிகளையும் துணைமின் நிலையங்களையும் பாதை நெடுகிலும் அமைக்கப் பெரும் முதலீடு வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் தொடர்வண்டிகள் ஓடும் தடங்களில் அம்முதலீட்டைத் திரும்பப் பெற இயலாது. மின்சாரத்தைத் தொடர்வண்டியே சுமந்து செல்லுமானால் பாதையில் எந்த மாற்றமும் தேவையில்லை. இரு முனைகளிலும் மின்னேற்றும் வசதி இருந்தால் போதும்.

இவ்வெண்ணம் புதியதன்று. செருமனியில் 1907 ஆம் ஆண்டு முதலே ஈய-அமில மின்கலங்களால் இயங்கிய தொடர்வண்டிகள் ஓடின. எனினும் ஈயம் மிகவும் கனமானது. மேலும் ஈய மின்கலத்தை முழுமையாக மின்னேற்றப் பல மணி நேரம் தேவைப்படும். ஒரு முனையை அடைந்து சிறிது நேரத்திலேயே திரும்பிப் புறப்பட வேண்டிய நகர்ப்புறத் தொடர்வண்டிக்கு இது பொருந்தாது. எடிசன் உருவாக்கிய நிக்கல்-இரும்பு மின்கலம் நீண்ட ஆயுள் கொண்டது. ஆனால் அதன் மின்னழுத்தம் சுமார் 1.2 வோல்ட்டு மட்டுமே. குறுகிய நேரத்தில் பெரும் மின்னோட்டத்தைத் தருவதிலும் அது பின்தங்கியிருந்தது.

மின்கல ஆய்வு

விரைவாக மின்னேற்றவும் விரைவாக மின்னிறக்கவும் கூடிய மின்கலம் ஒன்றை உருவாக்குவதே டிரம்மின் குறிக்கோளாக இருந்தது. 1920களின் பிற்பகுதியில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இதற்கான சோதனைகளை நடத்தினார். இறுதியில் நேர்மின்முனைக்கு நிக்கல் ஆக்சைடையும் எதிர்மின்முனைக்குத் துத்தநாகத்தையும் தேர்ந்தெடுத்தார்.

நிக்கலையும் துத்தநாகத்தையும் இணைக்கும் கருத்து அதற்கு முன்பே இருந்தது. தாமசு எடிசன் 1901 ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் அவர் துத்தநாகத்தை விட்டு இரும்பின் பக்கம் சென்றார். துத்தநாகத்தின் கவர்ச்சியை எண்களால் விளக்கலாம். ஒரு கிராம் துத்தநாகம் கோட்பாட்டளவில் சுமார் 820 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டத்தைத் தரும். ஒரு கிராம் ஈயம் சுமார் 259 மட்டுமே தரும். நிக்கல்-துத்தநாக மின்கலத்தின் மின்னழுத்தம் சுமார் 1.65 வோல்ட்டு ஆகும். எனவே ஒரே மின்னழுத்தத்தைப் பெற, நிக்கல்-இரும்பைவிடக் குறைந்த எண்ணிக்கையிலான கலங்கள் போதும்.

மின்கலத்தின் செயற்பாடு

டிரம் மின்கலத்தில் பொட்டாசியம் ஐதராக்சைடு கரைசல் மின்பகுபொருளாகப் பயன்பட்டது. அதில் துத்தநாக ஆக்சைடு கரைக்கப்பட்டிருந்தது. எதிர்மின்முனையில் தொடக்கத்தில் துத்தநாகத் தகடு கிடையாது. நிக்கலால் ஆன வலைத்தட்டி மட்டுமே இருந்தது. மின்னேற்றும்போது கரைசலில் உள்ள துத்தநாகம் அத்தட்டியின்மேல் உலோகமாகப் படிந்தது. மின்னிறக்கத்தின்போது அதே துத்தநாகம் மீண்டும் கரைசலுக்குள் சென்றது. நேர்மின்முனையில் நிக்கல் சேர்மம் மின்னேற்றத்தின்போது உயர் ஆக்சிசனேற்ற நிலைக்கும், மின்னிறக்கத்தின்போது தாழ்ந்த நிலைக்கும் மாறிக்கொண்டிருந்தது.

இவ்வமைப்பின் உள்தடை குறைவாக இருந்தது. அதனால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. முதலாவது, தொடர்வண்டி புறப்படும்போது தேவைப்படும் பெரும் மின்னோட்டத்தை மின்கலத்தால் தர முடிந்தது. அடுத்தடுத்து நிலையங்கள் அமைந்த தடத்தில், நின்று புறப்படும் வண்டி விரைவில் வேகம் பெறுவது இன்றியமையாதது. இரண்டாவது, மின்னேற்றும்போதும் பெரும் மின்னோட்டத்தை மின்கலம் ஏற்றுக்கொண்டது.

மின்னேற்றும் முறை

மின்வாரியம் வழங்கிய மாறுதிசை மின்னோட்டம் முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு, டப்ளினின் ஆமியன்சு வீதி நிலையத்திலும் பிரே நிலையத்திலும் மின்கல அடுக்குகளுக்கு ஏற்றப்பட்டது. ஆமியன்சு வீதி நிலையம் 1966 ஆம் ஆண்டு முதல் கொனலி நிலையம் என்று அழைக்கப்படுகிறது. இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 20 கிலோமீட்டர் ஆகும். மின்கல அடுக்கு முழுவதும் தீரும்வரை காத்திராமல், ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் செலவான அளவைச் சிறுகச் சிறுக நிரப்பிக்கொள்வதே இங்குப் பின்பற்றப்பட்ட முறையாகும். வண்டி வேகம் குறையும்போது மோட்டார்களை மின்னாக்கிகளாகச் செயற்படுத்தி, இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்துக்கே திருப்பி அனுப்பும் வசதியும் இருந்தது. இன்றைய மின்னூர்திகளில் காணப்படும் மீளாக்க நிறுத்தம் இதுவே.

நிக்கல்-துத்தநாக மின்கலத்தை மின்னேற்றுவதில் கவனம் தேவை. ஒரு கலத்தின் மின்னழுத்தம் சுமார் 1.9 வோல்ட்டை எட்டும்போது மின்னேற்றம் நிறைவடையும் தறுவாயில் உள்ளது. அதற்கு மேலும் மின்னோட்டம் செலுத்தப்பட்டால் நீர் பகுக்கப்பட்டு, நேர்மின்முனையில் ஆக்சிசனும் எதிர்மின்முனையில் ஐதரசனும் வெளிப்படும். மின்பகுபொருளில் நீர் குறையும். அதை அவ்வப்போது நிரப்ப வேண்டியிருக்கும்.

இதைவிடக் கடினமான சிக்கல் துத்தநாகத்தின் இயல்பிலேயே உள்ளது. மின்முனையை ஒட்டிய கரைசலில் துத்தநாகம் குறையும் அளவுக்கு விரைவாக மின்னேற்றினால், உலோகம் சமமாகப் படியாமல் ஊசி போலவும் கிளை போலவும் வளரும். மேடான இடத்துக்கே கரைசலிலிருந்து துத்தநாகம் எளிதில் வந்து சேருவதால் மேடு மேலும் மேடாகும். இத்தகைய கிளை எதிரே உள்ள தகட்டைத் தொட்டால் கலத்துக்குள் குறுக்குச்சுற்று ஏற்படும். மேலும், பலமுறை கரைந்து படியும்போது துத்தநாகம் தட்டியின் ஓரிடத்திலிருந்து நீங்கி வேறிடத்தில் திரளும். ஆகவே டிரம் மின்கலத்தின் சிறப்பான விரைவு மின்னேற்றமே அதன் ஆயுளைக் குறைக்கக்கூடிய காரணியாகவும் இருந்தது. கரைசலில் துத்தநாகத்தை நிறைவாக வைத்திருப்பதும், அவ்வப்போது முழுமையாக மின்னிறக்கித் தட்டியைத் தூய்மையாக்குவதும் இச்சிக்கலைத் தணிக்கும் வழிகளாகும். முற்றிலும் நீக்கும் வழிகள் அல்ல.

டிரம் தொடர்வண்டிகள்

டிரம்மின் ஆய்வு அரசின் கவனத்தை ஈர்த்தது. தொழில் வணிக அமைச்சராக இருந்த பாட்ரிக் மெக்கிலிகன், ஷானன் திட்டத்துக்கு ஆதரவளித்ததைப் போலவே இம்முயற்சிக்கும் ஆதரவளித்தார். பொதுப் பணத்திலிருந்து நிதி ஒதுக்கப்பட்டது. 1930 ஆம் ஆண்டில் சிறிய தொடர்வண்டிப் பெட்டி ஒன்றில் மின்கலம் பொருத்தப்பட்டுச் சோதனை ஓட்டம் நடத்தப்பட்டது. அது வெற்றி பெற்றதை அடுத்து, கிரேட் சதர்ன் ரயில்வே நிறுவனம் தனது இஞ்சிகோர் பணிமனையில் முழு அளவிலான இரட்டைப் பெட்டித் தொடர்வண்டியைக் கட்டியது. இருநூறுக்கும் மேற்பட்ட கலங்கள் கொண்ட, பல டன் எடையுள்ள மின்கல அடுக்கு அதில் இடம்பெற்றது.

1931 ஆம் ஆண்டின் இறுதியில் முதல் தொடர்வண்டியின் ஓட்டம் நடைபெற்றது. 1932 ஆம் ஆண்டில் இரண்டாவது தொடர்வண்டியும் சேவைக்கு வந்தது. புகையோ கரியோ இன்றி ஓடிய இவ்வண்டிகள் மக்களிடையே பெரும் ஆர்வத்தை எழுப்பின. நாட்டுக்குப் புதியதோர் ஏற்றுமதித் தொழில் பிறக்கும் என்ற எதிர்பார்ப்பும் நிலவியது.

அதே 1932 ஆம் ஆண்டில் தேர்தலின் விளைவாக ஆட்சி மாறியது. ஏமன் டி வலேரா தலைமையில் அமைந்த புதிய அரசு, மேலும் பெருந்தொகையை இத்திட்டத்தில் இடுவதற்கு முன்வரவில்லை. வெளிநாட்டு இருப்புப்பாதை நிறுவனங்கள் இம்மின்கலத்தைப் பெருமளவில் வாங்கும் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. அரசின் உதவியின்றித் தொழிற்சாலை அளவில் உற்பத்தியைத் தொடரும் வலிமை டிரம்மின் முயற்சிக்கு இல்லை. எனினும் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் தம் பணியைச் சரிவரச் செய்தன. 1939 ஆம் ஆண்டில் மேலும் இரண்டு தொடர்வண்டிகள் சேர்க்கப்பட்டு மொத்தம் நான்கு ஆயின.

போர்க்காலமும் இறுதிக்காலமும்

இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. பிரித்தானியாவிலிருந்து வந்த நிலக்கரியின் அளவு வெகுவாகக் குறைந்தது. வந்ததும் தரம் குறைந்ததாக இருந்தது. நாடெங்கும் நீராவித் தொடர்வண்டிச் சேவைகள் பெரிதும் வெட்டப்பட்டன. நிலக்கரியை எரிக்காத டிரம் தொடர்வண்டிகளின் மதிப்பு அப்போது தெளிவாக உணரப்பட்டது. எந்தப் பற்றாக்குறையை எண்ணி இவை உருவாக்கப்பட்டனவோ, அது உண்மையிலேயே வந்தபோது இருந்தவை நான்கு வண்டிகள் மட்டுமே.

போர்க்காலத்தில் அவசரகால அறிவியல் ஆய்வுச் செயலகத்தின் உறுப்பினராக டிரம் பணியாற்றினார். இறக்குமதி தடைப்பட்ட பொருள்களுக்கு உள்நாட்டு மாற்று காண்பது அச்செயலகத்தின் பணியாகும்.

போர் முடிந்தபின் மின்கல அடுக்குகளை மாற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. அவற்றைத் தயாரிக்கும் தொழில் நிலைபெறாததால் மாற்றுச் செலவு மிகுதியாக இருந்தது. டீசல் எந்திரங்களும் அப்போது பரவத் தொடங்கியிருந்தன. 1949 ஆம் ஆண்டில் டிரம் தொடர்வண்டிகள் சேவையிலிருந்து விலக்கப்பட்டன. மின்சாதனங்கள் அகற்றப்பட்ட பின் அவற்றின் பெட்டிகள் சாதாரணப் பயணிகள் பெட்டிகளாகப் பயன்படுத்தப்பட்டன. டிரம் 1974 ஆம் ஆண்டு காலமானார்.

தாக்கம்

டிரம் பயன்படுத்திய தடம் 1984 ஆம் ஆண்டில் மேல்நிலைக் கம்பிகளுடன் மின்மயமாக்கப்பட்டு, டார்ட் என்னும் புறநகர்ச் சேவையின் பகுதியானது. 2021 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் இருப்புப்பாதை நிறுவனம் அச்சேவைக்காகப் புதிய தொடர்வண்டிகளைத் தருவிக்க ஆணையிட்டபோது, மின்கலத்தால் இயங்கும் வண்டிகளும் அதில் இடம்பெற்றன. கம்பியில்லாத பகுதியில் மின்கலத்தால் ஓடி, முனையில் விரைவாக மின்னேற்றிக்கொள்ளும் முறையே அவற்றின் அடிப்படையும் ஆகும்.

துத்தநாக மின்கல ஆய்வும் நின்றுவிடவில்லை. துத்தநாகம் எரியும் தன்மையற்ற நீர்க்கரைசலில் இயங்குவதும் மலிவாகக் கிடைப்பதும் அதன் நிறைகள் ஆகும். 2017 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் அறிவியலாளர்கள், துத்தநாகத்தைக் கடற்பஞ்சு போன்ற நுண்துளை அமைப்பில் வடிவமைத்து, கிளை வளர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியும் எனக் காட்டினர். தொடர்ச்சியான மின்னோட்டத்துக்கு மாற்றாக, இடைவெளி விட்டுத் துடிப்புகளாக மின்னேற்றும் முறையும் ஆராயப்பட்டுள்ளது. இடைவெளியின்போது கரைசலில் துத்தநாகத்தின் செறிவு மீண்டும் சமமாவதால் படிவு சீராகிறது. டிரம் எதிர்கொண்ட கேள்வி, அதாவது துத்தநாகத்தை விரைவாகவும் சீராகவும் எவ்வாறு படியச் செய்வது என்பது, இன்றும் இத்துறையின் மையக் கேள்வியாகவே உள்ளது.