குளச்சலில் தோத்த கப்பித்தான்

நம்ம புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள ஒரு வெள்ளைக்காரர் கல்லறை இருக்கு, பார்த்திருக்கீங்களா? நம்மை ஆண்டவர் என்று நினைச்சிடாதீங்க. நம்மகிட்ட தோத்தவர்!

அவர் பெயர் டிலனாய். 1715-ல் ஐரோப்பாவில் பிறந்தவர். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர். 1602-ல் ஆரம்பித்த அந்தக் கம்பெனிக்கு ஜாவா, இலங்கை, கொச்சி என்று எங்கே பார்த்தாலும் கோட்டைகள். நல்லமிளகு எல்லாம் தனக்கே வேணும், அதுவும் தான் சொல்லும் விலைக்கே வேணும் என்று கம்பெனி நினைத்தது. திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா சம்மதிக்கல்ல. அதனால் 1741-ல் குளச்சலில் படையை இறக்கினார்கள்.

அதே சமயம் ஜாவாவிலும் கம்பெனிக்குப் பெரிய சண்டை. அங்கிருந்து உதவி வரல்ல. குளச்சல் மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கி மாதிரி தோளில் வைத்து நின்று எதிரியைப் பயமுறுத்தினாங்க என்று நம்ம பக்கம் ஒரு கதை சொல்லுவாங்க. ஆகஸ்ட் மாதம் டச்சுப்படை தோற்றது. டிலனாய் கைதியானார்.

மகாராஜா அவரைக் கொல்லவில்லை. தன் படைக்கு வாத்தியார் ஆக்கினார்! வரிசையாக நடப்பது, துப்பாக்கி சுடுவது எல்லாம் டிலனாய் சொல்லிக்கொடுத்தார். உதயகிரியில் பீரங்கியும் குண்டும் வார்த்தார்கள். வட்டக்கோட்டையைப் பலப்படுத்தியதும் அவர்தான். பிறகு படைக்கே தலைவராகி 'வலிய கப்பித்தான்' என்று பெயர் பெற்றார். அந்தப் படையால் திருவிதாங்கூர் வடக்கே கொச்சி எல்லை வரை பெருகியது. 1753-ல் மாவேலிக்கரை ஒப்பந்தத்தில் கம்பெனியே இறங்கி வந்தது. பழைய முதலாளியைப் பணிய வைத்தது அவர் பழக்கிய படைதான், பார்த்தீங்களா!

ஆனால் ஒரு பெரிய துக்கமும் உண்டு. நட்டாலம் நீலகண்ட பிள்ளை அரண்மனை அதிகாரி, டிலனாயின் நண்பர். டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். (2022-ல் போப்பாண்டவர் அவரைப் புனிதராக அறிவித்தார்.) கொன்றது டிலனாய் வேலை பார்த்த அதே அரசு. அவர் மனசு எப்படித் துடித்திருக்கும்! ஆனாலும் வேலையை விட்டுப் போகவில்லை. விட்டால் எங்கே போவார், கம்பெனிக்கா?

1765-ல் களக்காட்டுச் சண்டையில் அவர் மகனும் இறந்தான். 1777-ல் டிலனாயும் உதயகிரியிலேயே இறந்தார். கடனில் மூழ்கிய கம்பெனி 1799-ல் இல்லாமலே போய்விட்டது. அவர் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. தமிழ் எழுத்தை நாமே வாசிக்கலாம்.