ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - சனவரி 4, 1974) தமிழகத்தின் கோயம்புத்தூரைச் சேர்ந்த புத்தாக்குநர், பொறியாளர், தொழிலதிபர் ஆவார். ஜி. டி. நாயுடு என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். முறையான கல்வி பெறாமலேயே மோட்டார் வண்டிகள், மின்பொருட்கள், ஒளிப்படக் கருவிகள், வேளாண்மை எனப் பல துறைகளில் ஈடுபட்டவர். இந்தியாவின் எடிசன் என்றும் இவரை அழைப்பர்.

பிறப்பும் இளமையும்

நாயுடு கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லாததால் தொடக்க வகுப்புகளோடு கல்வி நின்றது. தந்தையின் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே தமிழ் நூல்களைத் தாமாகவே படித்துத் தேர்ந்தார்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்டார். குதிரையோ மாடோ இல்லாமல் ஓடும் அவ்வண்டி அவரை வெகுவாகக் கவர்ந்தது. அதனை வாங்க வேண்டும் என்பதற்காகவே ஊரை விட்டுக் கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் சேமித்த பணத்தைக் கொண்டு அந்த வண்டியை வாங்கினார். வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மீண்டும் பூட்டிப் பழகினார். இதுவே இவருடைய பொறியியல் கல்வியின் தொடக்கமாகும்.

பேருந்துத் தொழில்

முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தித் தொழிலில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார். பின்னர் பம்பாய்க்குச் சென்று பருத்தி வணிகத்தில் ஈட்டியதை இழந்து ஊர் திரும்பினார். அந்நிலையில் கோவையின் ஆங்கிலேயத் தொழிலதிபர் இராபர்ட் ஸ்டேன்ஸ் இவருக்கு உதவினார். 1920 ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார்.

அத்தொழில் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யு.எம்.எஸ்) என்ற நிறுவனமாக உருவெடுத்தது. குறித்த நேரத்தில் வண்டிகள் புறப்பட்டுச் சேர்வது இந்நிறுவனத்தின் தனிச்சிறப்பாக இருந்தது. 1930களில் நாட்டிலேயே மிகத் திறமையாக நடத்தப்பட்ட பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக இது கருதப்பட்டது. வண்டிகளின் பழுதைத் தம் பணிமனையிலேயே பார்த்ததோடு, பொறிகளின் அதிர்வைச் சோதித்துக் குறைகளை அறியும் கருவி ஒன்றையும் நாயுடு உருவாக்கினார்.

மோட்டார் வண்டி அன்று முழுவதும் மேனாட்டுப் பொருளாகவே இருந்தது. அமெரிக்காவில் இதே காலத்து இளைஞர்கள் பழைய போர்டு வண்டிகளை விலை மலிவாக வாங்கி, தேவையற்ற பகுதிகளைக் கழற்றி, பொறியின் ஆற்றலைக் கூட்டி ஓட்டினர். ஹாட் ராட் எனப்படும் வண்டிகள் இவ்வாறு தோன்றியவையே. நாயுடுவின் நோக்கம் வேகம் அன்று. சிக்கனமும் நீடித்த உழைப்புமே ஆகும். எனினும், பிரித்துப் பார்த்துக் கற்பது என்ற முறை இருவருக்கும் பொதுவானது.

கண்டுபிடிப்புகள்

1937 ஆம் ஆண்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார்களுள் ஒன்றை உருவாக்கினார். பின்னாளில் கோவை மோட்டார், பம்பு உற்பத்திக்குப் பெயர் பெற்ற நகரமானதற்கு இது ஒரு தொடக்கமாக அமைந்தது. உலர் மின்கலத்தால் இயங்கும் ரசந்த் என்ற சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப் பதிவு இயந்திரம் ஆகியவையும் இவருடைய முயற்சிகளாகும். 1941 இல், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய் விலையில் தம்மால் தர இயலும் என்று அறிவித்தார்.

வேளாண்மையிலும் பல சோதனைகளைச் செய்தார். இவருடைய தோட்டத்தில் விளைந்த உயரமான பருத்திச் செடிகள் பலரையும் வியக்க வைத்தன.

ஒளிப்படக் கலை

நாயுடு ஒளிப்படக் கலையிலும் திரைப்படக் கருவிகளிலும் மிகுந்த ஆர்வம் உடையவர். வெளிநாட்டுப் பயணங்களின்போது தாமே படம் பிடித்தார். 1936 சனவரியில் இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கருவியால் படமெடுத்தார். காந்தி, ஜவகர்லால் நேரு, சுபாசு சந்திர போசு ஆகியோரையும் படம் பிடித்துள்ளார். திரைப்படக் கருவியில் தொலைவைச் சரிசெய்யும் அமைப்பு ஒன்றையும் உருவாக்கினார். மோட்டார் சைக்கிளைப் போலவே, கையில் கிடைத்த படக்கருவியையும் பயன்படுத்துவதோடு நில்லாமல் திருத்தி அமைக்க முற்பட்டது குறிப்பிடத்தக்கது.

கல்விப் பணி

1945 இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் கோவையில் தோன்றுவதற்கு நாயுடுவின் கொடையும் உழைப்பும் காரணமாயின. தொடக்கத்தில் அவரே முதல்வராகவும் இருந்தார். பொறியியலைக் கற்க நான்கு ஆண்டுகள் தேவையில்லை, பட்டறைப் பயிற்சியோடு இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. அரசு அதனை ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகினார். அக்கல்லூரியே பின்னர் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. கல்லூரி முதலில் இருந்த பீளமேட்டுப் பகுதி இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது.

இரு இருக்கைக் கார்

1952 இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு உருவாக்கினார். அதன் விலை ஏறத்தாழ 2,000 ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. ஆனால் அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தின்படி பெருமளவில் உற்பத்தி செய்ய அரசின் உரிமம் தேவைப்பட்டது. நாயுடுவுக்கு உரிமம் மறுக்கப்பட்டதால் கார் மாதிரி வடிவத்தோடு நின்றுபோனது.

வரிச் சுமையும் உரிமக் கட்டுப்பாடுகளும் புதிய முயற்சிகளை முடக்குகின்றன என்று கருதிய நாயுடு, 1950களில் தாம் உருவாக்கிய பொருட்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து எதிர்ப்பைத் தெரிவித்தார். பல ஆண்டு உழைப்பை ஒருவர் தம் கையாலேயே அழித்தது தமிழகத்தில் பெரும் பேச்சாயிற்று.

தமிழகத்தின் மோட்டார்த் தொழில் வேறு வழியில் வளர்ந்தது. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948 இல் தொடங்கப்பட்டது. மேற்குப் புறநகரில் அம்பத்தூரில் 1949 இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றியது. 1960களில் பாடியில் சுந்தரம் கிளேட்டன், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவை அமைந்தன. இவற்றுள் பல வெளிநாட்டு நிறுவனங்களின் தொழில்நுட்ப உடன்பாட்டோடு அல்லது அரசின் முதலீட்டோடு நடந்தவை. அவ்விரண்டும் இல்லாத தனிமனிதரின் சிறிய காருக்கு அவ்வமைப்பில் இடம் கிடைக்கவில்லை எனலாம். மலிவு விலைக் காராகிய மாருதி 800 இந்தியாவில் 1983 இல்தான் வெளிவந்தது. அப்போது நாயுடு மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறைவும் நினைவும்

நாயுடு 1974 சனவரி 4 அன்று தம் 80 ஆம் வயதில் காலமானார். கோவை அவினாசி சாலையில் அவருடைய கருவிகளும் சேகரிப்புகளும் அடங்கிய காட்சியகம் உள்ளது. 2015 இல் பழங்காலக் கார்களுக்கென ஜீடி கார் அருங்காட்சியகமும் அங்குத் திறக்கப்பட்டது. நாயுடுவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 66 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிவியல் தொழில்நுட்பப் படத்துக்கான விருதைப் பெற்றது. அவினாசி சாலையில் கட்டப்பட்டு 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.