உயரத்தாலும் உள்ளத்தாலும் உயர்ந்தவர்

உலகம் போற்றும் விளையாட்டு வீரர்கள் பலர் உண்டு. தாம் வெற்றி பெற்றதோடு நில்லாமல், தமக்குப் பின் வந்தோரையும் வெற்றி பெறச் செய்தவர்கள் சிலரே. அச்சிலருள் ஒருவர் குரோஷிய நாட்டின் கூடைப்பந்து வீரரும் பயிற்சியாளருமான கிரெஷிமிர் சோசிச். மாலை மணி அடித்ததும் கூடைப்பந்து மைதானத்திற்கு ஓடும் நமக்கு அவருடைய வாழ்க்கை வரலாறு இனிக்கும் என்பதில் ஐயமில்லை.

சோசிச் 1948-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் ஸாக்ரெப் நகரில் பிறந்தார். அப்போது குரோஷியா தனி நாடாக இல்லை. யூகோஸ்லாவியா என்னும் பொதுவுடைமை நாட்டின் ஆறு குடியரசுகளுள் ஒன்றாக இருந்தது. அவர் வளர்ந்த ஊர் அட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ஸாதார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சினால் பெரிதும் அழிந்த ஊர் அது. இடிபாடுகளிலிருந்து மீண்டும் எழுந்த அவ்வூர் மக்களுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். ஸாதார் கழகம் 1965-இல் யூகோஸ்லாவியாவின் முதன்மைக் குழுவாக வெற்றி வாகை சூடியபோது சோசிச்சுக்கு வயது பதினாறுதான். பதினெட்டு வயதில் அவர் நாட்டுக்காக ஆடி, 1967 உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்ற குழுவில் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் வெள்ளி கிடைத்தது. அங்கே அரையிறுதியில் வலிமை மிக்க சோவியத் குழுவை 63-62 என ஒரே புள்ளியில் வென்றார்கள்.

அவருடைய உயரம் ஏறக்குறைய ஆறடி பதினோரு அங்குலம். குழுவில் உயரமான பெண் ஒருத்தி இருந்தால் நாம் என்ன செய்வோம்? வளையத்தின் கீழ் அவளை நிறுத்திவிட்டு, பந்தை அவளிடம் எறிவோம். அக்காலத்தில் உலகமெங்கும் வழக்கம் அதுவே. சோசிச் அப்படி நிற்கவில்லை. குட்டையான வீரரைப்போலப் பந்தைத் தட்டிக்கொண்டு மைதானத்தின் நடுவே ஓடி வருவார். எல்லோரும் அவர் கூடையில் போடுவார் என்று எதிர்பார்க்கும் வேளையில், ஓரத்தில் தனித்து நிற்கும் தோழருக்குப் பந்தை வழங்கிவிடுவார். தம் உயரத்தைப் பிறருக்கு வாய்ப்பளிக்கவும் அவர் பயன்படுத்தினார். இந்தக் குணமே பின்னாளில் அவருடைய வாழ்க்கை முழுவதிலும் வெளிப்பட்டதைக் காண்கிறோம்.

1970-இல் லியூப்லியானா நகரில் யூகோஸ்லாவியா முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றது. அக்குழுவில் ஆடிய சோசிச், அக்காலத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திற்குப் படிக்கச் சென்றார். புதிய நாடு, புதிய மொழி, புதிய பழக்கவழக்கங்கள். எனினும் அவருடைய ஆட்டம் மக்களைக் கவர்ந்தது. 1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அனைத்து அமெரிக்கக் கல்லூரிச் சிறப்பு வீரர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளிநாட்டிலிருந்து வந்து இப்பெருமையைப் பெற்ற முதல் வீரர் அவரே.

அங்கே படிக்கும்போது 1971-இல் அவர் மார்மன் சபையில் சேர்ந்தார். அது நம் கத்தோலிக்கத் திருச்சபை அன்று. ஆயினும் தாம் நம்பியதை மறைக்காமல் வாழ்ந்த அவருடைய துணிவை நாம் மதிக்கிறோம். சமயத்தை வரவேற்காத பொதுவுடைமை நாட்டிற்குத் திரும்பிய பின்னும் அவர் தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை. தம் சபையின் நூலைத் தாய்மொழியில் பெயர்த்தும் தந்தார்.

இப்போது அவருடைய வாழ்வின் பெரிய திருப்பத்துக்கு வருகிறோம். 1972-இல் போர்ட்லண்ட் குழுவும், 1973-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் குழுவும் அவரைத் தேர்ந்தெடுத்தன. ஒப்புக்கொண்டிருந்தால் பணமும் புகழும் குவிந்திருக்கும். ஆனால் அக்கால விதிப்படி, அமெரிக்கத் தொழில்முறைக் குழுக்களில் ஆடுவோர் ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்காக ஆட இயலாது. சோசிச் அந்த வாய்ப்பை வேண்டாமென்று விட்டுவிட்டு, 1973-இல் தம் சிற்றூரான ஸாதாருக்கே திரும்பினார். 1974, 1975 ஆகிய ஆண்டுகளில் ஸாதார் மீண்டும் நாட்டின் முதன்மைக் குழுவாயிற்று.

நாட்டுக் குழுவோ வெற்றிமேல் வெற்றி குவித்தது. 1973, 1975, 1977 என அடுத்தடுத்து மூன்று முறை ஐரோப்பியப் பட்டம் வென்றது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் வெள்ளியும், 1978-இல் மணிலாவில் உலகக் கோப்பையும் கிடைத்தன. இறுதியாக 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இத்தாலியை 86-77 என்று வென்று தங்கம் பெற்றது. அது சோசிச்சின் நான்காவது ஒலிம்பிக். நாட்டுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 300-க்கும் மேல்.

1983-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர், 1985-இல் நாட்டுக் குழுவின் பயிற்சியாளரானார். தொடக்கம் நன்றாக அமையவில்லை. அவ்வாண்டு ஐரோப்பியப் போட்டியில் யூகோஸ்லாவியா ஏழாம் இடமே பெற்றது. அவர் மனந்தளராமல் இளைஞர்களை நம்பிக் குழுவை அமைக்கத் தொடங்கினார். அவர்களுள் ஒருவர் பதினெட்டே வயதான விளாடே டிவாக்.

1986-இல் ஸ்பெயினில் உலகப் போட்டி நடந்தது. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவும் சோவியத் நாடும் மோதின. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. யூகோஸ்லாவியா ஒன்பது புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. சோவியத் வீரர்கள் தொலைவிலிருந்து இரண்டு மும்முனைப் புள்ளிகளை எடுத்து விட்டனர். அப்போது பந்து டிவாக்கின் கையில் இருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்தாலே போதும். பதற்றத்தில் அவர் பந்தைத் தட்டிப் பிடித்துவிட்டு மீண்டும் தட்டிவிட்டார். நம் மைதானத்திலும் உடனே விசில் ஊதப்படும் தவறு அது. பந்து எதிரணிக்குச் சென்றது. அவர்கள் இன்னொரு மூன்று புள்ளி எடுத்துச் சமன் செய்தனர். கூடுதல் நேரத்தில் 91-90 என யூகோஸ்லாவியா தோற்றது.

ஒரு நாடே ஏமாந்து நின்ற வேளை அது. அத்தவறு செய்த இளைஞனின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! அவரை இனிக் குழுவில் சேர்க்க வேண்டாம் என ஒதுக்குவது எளிது. சோசிச் ஒதுக்கவில்லை. குழு அப்போட்டியில் வெண்கலம் வென்றது. மறு ஆண்டு ஏதென்ஸ் ஐரோப்பியப் போட்டியிலும் டிவாக் ஆடினார். அவருடன் குக்கோச், ராஜா, ஜார்ஜெவிச் ஆகிய இளைஞர்களையும் சோசிச் களமிறக்கினார். ஒருவருக்கும் இருபது வயதுக்கு மேல் இல்லை. மீண்டும் வெண்கலமே கிடைத்தது.

தங்கம் பெறவில்லையே என்று சிலர் எண்ணலாம். ஆனால் விதைத்தவர் அறுக்காவிட்டாலும் விதை வீணாகவில்லை. 1989-இல் டிவாக், குக்கோச், ராஜா ஆடிய குழு ஐரோப்பியப் பட்டம் வென்றது. 1990-இல் டிவாக்கும் குக்கோச்சும் உலகக் கோப்பையை ஏந்தினர். அப்போது பயிற்சியாளர் வேறொருவர். சோசிச் கிரேக்க நாட்டுக் கழகம் ஒன்றில் பணியாற்றி வந்தார்.

1991-இல் யூகோஸ்லாவியா சிதறியது. போர் மூண்டது. ஸாதார் மீது மீண்டும் குண்டுகள் விழுந்தன. புதிதாய்ப் பிறந்த குரோஷிய நாட்டுக்கு உலக நட்பு தேவைப்பட்டது. சோசிச் வாஷிங்டனில் உள்ள குரோஷியத் தூதரகத்தில் உயர் அலுவலராகப் பணியேற்றார். மாணவப் பருவத்தில் அமெரிக்காவில் பெற்ற நட்பும் பெயரும் நாட்டுப்பணிக்குக் கைகொடுத்தன.

அப்பணியிலிருந்தபோதே புற்றுநோய் அவரைப் பற்றியது. 1995-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் பால்டிமோர் நகரில் அவர் காலமானார். வயது நாற்பத்தாறே. அவருடைய உடல் ஸாக்ரெப் நகரின் மிரோகோய் கல்லறைத் தோட்டத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. 1996-இல் அமெரிக்காவின் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. ஸாதாரின் பெரிய விளையாட்டரங்கமும் குரோஷிய நாட்டுக் கூடைப்பந்துக் கோப்பையும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அன்று தவறு செய்த டிவாக்கும் 2019-இல் அதே புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

தோழியரே! நம்முள் எல்லோரும் உயரமாக வளர்வதில்லை; எல்லோரும் பதக்கம் பெறுவதும் இல்லை. ஆனால் கையில் உள்ள பந்தைத் தோழிக்கு வழங்க நம் எல்லோராலும் முடியும். கடைசி நிமிடத்தில் பந்தை நழுவவிட்ட தோழி தலைகுனிந்து நிற்கும்போது, அவள் தோளில் கைவைத்து அடுத்த ஆட்டத்திற்கும் அவளையே அழைக்க முடியும். அவ்வாறு செய்வோமாயின், சோசிச்சின் வரலாற்றைப் படித்த பயனை நாம் அடைவோம். ஓங்குக அவர் புகழ்!