வீடு வீடாகப் போன பத்திரிகை ஆசிரியர் ஐடா பி. வெல்ஸ்

இந்த முறை சுவர் இதழில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னார்கள். காந்தியடிகள், காமராசர், அன்னை தெரசா எல்லாரையும் அக்காமார்களும் அண்ணன்மார்களும் முன்பே எழுதிட்டாங்க. அதனால் நான் அமெரிக்காவில் வாழ்ந்த ஐடா பி. வெல்ஸ் அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் கறுப்பின அடிமைகள். அதனால் பிறந்த குழந்தையும் அடிமைதான். அடிமை முறை ஒழிந்த பிறகு ஐடா பள்ளிக்கூடம் போனார். 1878-ல் மஞ்சள் காய்ச்சல் பரவி அப்பா, அம்மா, கைக்குழந்தையாக இருந்த தம்பி மூன்று பேரையும் கொண்டுபோய்விட்டது. அப்பாவின் நண்பர்கள் கூடி, மிச்சம் இருந்த பிள்ளைகளை ஆளுக்கு ஒரு வீடாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று பேசினார்கள். ஐடா முடியாது என்று சொல்லிவிட்டார். அப்போ அவருக்கு பதினாறு வயசு. நம்மைவிட இரண்டு வயசுதான் பெரியவர்! கிராமத்துப் பள்ளியில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்து தம்பி தங்கைகளைக் காப்பாற்றினார்.

பிறகு மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே ரயிலில் பெண்கள் பெட்டிக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவரை, கறுப்பினப் பெண் என்பதால் நடத்துநர் பிடித்து இழுத்தார். ஐடா அவர் கையைக் கடித்துவிட்டார். அதோடு விடாமல் கம்பெனி மேல் கேஸ் போட்டார். 1884-ல் 500 டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 1887-ல் மேல் கோர்ட்டு அதை ரத்து செய்துவிட்டது.

டீச்சராக இருக்கும்போதே பத்திரிகையிலும் எழுதினார். ஃப்ரீ ஸ்பீச் என்ற பத்திரிகைக்குப் பங்குதாரர் ஆனார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டடம் சரியில்லை, பாடம் நடத்தத் தகுதியான ஆளும் போடவில்லை என்று 1891-ல் அதில் எழுதினார். உடனே வேலை போய்விட்டது. பிறகு முழு நேரமும் பத்திரிகைதான். ஊர் ஊராகப் போய் சந்தா சேர்த்தார். எழுத்துத் தெரியாத ஜனங்களிடம் கடைக்காரர்கள் வேறு பத்திரிகையைக் கொடுத்து ஏமாற்றினார்கள். அதனால் ஃப்ரீ ஸ்பீச்சை ரோஸ் கலர் தாளில் அச்சடித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கூட நிறத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கி, தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம் இல்லையா? இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸ் என்பவரையும் இன்னும் இரண்டு பேரையும் ஒரு வெள்ளைக்காரக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. அவர்கள் நடத்திய மளிகைக்கடை நன்றாக ஓடியதுதான் காரணம் என்று ஐடா எழுதினார். இப்படிக் கும்பல் கூடிக் கொல்வது அந்த நாட்டில் அப்போ நிறைய நடந்தது. ஐடா ஒவ்வொன்றாக விசாரித்து எழுதினார். மே மாதம் அவர் வெளியூரில் இருந்தபோது பத்திரிகை ஆபீசை அடித்து நொறுக்கிவிட்டார்கள். திரும்பி வந்தால் கொன்றுவிடுவோம் என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் மெம்ஃபிஸில் குடியிருக்கவே இல்லை.

1895-ல் சிகாகோவில் வக்கீலும் பத்திரிகைக்காரருமான பார்னெட் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். நான்கு குழந்தைகள். இத்தோடு எழுத்தை விட்டுவிடுவார் என்று சிலர் நினைத்தார்கள். விடவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். 1909-ல் இல்லினாய் மாநிலத்தில் கேரோ என்ற ஊரில் ஒரு கறுப்பினத்தவரைக் கும்பல் கொன்றது. அங்கே ஷெரீஃப் என்று ஒரு பதவி உண்டு. நம்ம ஊர் போலீஸ் அதிகாரி மாதிரிதான், ஆனால் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். கைதியைக் கும்பலிடம் விட்டுவிட்ட ஷெரீஃப் பதவி இழக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டம் இருந்தது. அப்படிப் பதவி போன ஷெரீஃப், திரும்பக் கொடுங்கள் என்று கவர்னரிடம் கேட்டார். ஐடாவுக்குப் போக மனசில்லை, களைத்துப் போயிருந்தார். நீங்கள் போகாவிட்டால் வேறு யாரும் போக மாட்டார்கள் என்று மூத்த மகன்தான் சொன்னானாம். கேரோவுக்குப் போய்ப் பார்த்தால், அந்த ஊர்க் கறுப்பின மக்களிலேயே பலர் ஷெரீஃபுக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்! ஐடா ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார், கூட்டம் போட்டார், நடந்ததை எழுதி அவர்களிடமே கையெழுத்து வாங்கினார். அந்தத் தாள்களோடு போய் வக்கீல்களுக்கு எதிரே நின்று வாதாடினார். கவர்னர் ஷெரீஃபுக்குப் பதவியைத் திருப்பித் தரவில்லை.

ஓட்டு இருந்தால் கும்பல் கொலையை எப்படித் தடுக்கலாம் என்று 1910-ல் ஒரு கட்டுரையே எழுதினார். மிசிசிப்பி மாதிரி தெற்கு மாநிலங்களில் வரி, எழுத்துப் பரீட்சை என்று வைத்து கறுப்பினத்தவர் ஓட்டைப் பறித்துவிட்டார்கள். ஓட்டில்லாதவனுக்கு எந்த அதிகாரி பயப்படுவார்?

1913 ஜனவரியில் சிகாகோவில் கறுப்பினப் பெண்களுக்காக ஆல்ஃபா சஃப்ரேஜ் கிளப் என்ற சங்கம் தொடங்கினார். மார்ச் 3-ல் வாஷிங்டனில் பெண்கள் ஓட்டுரிமை ஊர்வலம். கறுப்பினப் பெண்கள் எல்லாருக்கும் பின்னால் வரட்டும் என்றார்கள். பெண்ணுரிமை கேட்கிறவர்களே இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? ஐடா பேசாமல் கூட்டத்தோடு நின்றிருந்து, இல்லினாய்க்காரர்கள் வந்ததும் நடுவில் புகுந்து அவர்களோடு நடந்துவிட்டார்.

ஜூன் மாதம் இல்லினாயில் பெண்களுக்கு ஓட்டு வந்தது. ஜனாதிபதி தேர்தலிலும் நகரத் தேர்தலிலும் போடலாம், கவர்னருக்குப் போட முடியாது. அரை ஓட்டு என்று வையுங்கள். சிகாகோ இரண்டாவது வார்டில் கறுப்பின மக்கள் நிறைய இருந்தும், அதுவரை கவுன்சிலராக வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள்தான். சங்கத்துப் பெண்கள் தெருத் தெருவாகப் பிரிந்து போய், பெண்களை வாக்காளர் பட்டியலில் பேர் பதியச் சொன்னார்கள். ஆண்கள் கேலி செய்தார்கள், வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பாருங்கள் என்றார்கள். சில பெண்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். ஐடா அவர்களைத் தேற்றி மறுபடி அனுப்பினார். வாரா வாரம் கூடி, ஓட்டு எப்படிப் போடுவது, கவுன்சிலர் என்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சங்கத்துக்கென்று ஒரு சின்னப் பத்திரிகையும் நடத்தினார்கள். (நம்ம ஊரில் தேர்தல் வந்தால் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் திண்ணையில் இருக்கிற அப்பாவிடமும் தாத்தாவிடமும் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அடுப்படியில் இருக்கிற அம்மாவை யாரும் கூப்பிட்டுக் கேட்டதை நான் பார்த்ததில்லை.)

1914-ல் கட்சிக்குள் நடந்த தேர்தலில் சங்கம் ஆதரித்த கறுப்பின வேட்பாளர் கொஞ்ச ஓட்டில் தோற்றார். ஆனால் கட்சிக்காரர்கள் அசந்துபோனார்கள். சங்கத்துக்கே தேடி வந்து, அடுத்த முறை கறுப்பினத்தவரையே நிறுத்துகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். கேலி பண்ணின வார்டில்தான் இதுவும் நடந்தது! 1915-ல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் ஜெயித்து, சிகாகோ நகரத்தின் முதல் கறுப்பினக் கவுன்சிலர் ஆனார். அவர் மேல் 1917-ல் லஞ்சக் கேஸ் வந்து, பிறகு விடுதலை ஆனார். இதை விட்டுவிட்டு எழுதினால் வரலாறு ஆகாது என்று எழுதுகிறேன்.

1930-ல் ஐடாவே இல்லினாய் செனட்டுக்குக் கட்சி இல்லாமல் நின்றார். தோற்றுப்போனார். அடுத்த வருஷம் 1931 மார்ச் 25-ல் சிகாகோவில் காலமானார். 2020-ல் புலிட்சர் பரிசுக் குழு அவருக்குச் சிறப்பு மரியாதை செய்தது. 2025-ல் அமெரிக்காவின் கால் டாலர் காசில் அவர் முகத்தைப் போட்டார்கள். அவர் எழுதிக்கொண்டிருந்த சுயசரிதை ஒரு வார்த்தையின் பாதியிலேயே நிற்கிறது. மகள் ஆல்ஃப்ரெடா அதைப் பத்திரமாக வைத்திருந்து, 1970-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி