எலோ என்ற மனிதரும் எனது 1412 புள்ளிகளும்

2020 ஊரடங்கு நாட்களில்தான் கைபேசியில் பிளிட்ஸ் சதுரங்கம் ஆடத் தொடங்கினேன். ஆளுக்கு 3 நிமிடம். போட்ட தேநீர் ஆறுவதற்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். லிசெஸ் தளம் எல்லோருக்கும் போல எனக்கும் 1500 புள்ளிகளைக் கொடுத்து வரவேற்றது. முதல் இரவிலேயே 1200க்குக் கீழே இறக்கியும் விட்டது. பிறகு பல மாதங்கள் மாரடித்து 1412 வரை ஏறினேன். ஏறிய அன்றிரவே நித்திரையில்லாமல் தொடர்ந்து 7 ஆட்டங்கள் தோற்று, கைபேசியைக் கட்டிலில் எறிந்தேன். சுயாதீன ஊடகவியலாளனின் வருமானத்தில் இன்னொரு கைபேசி வாங்க முடியாது என்பதால்தான் சுவரில் எறியவில்லை.

என் அக்காவின் மகன் என்னைவிடக் கெட்டிக்காரன். உயர்தரம் படிக்கிறான். 1800ஐத் தொட்டதும் ஆடுவதையே நிறுத்திவிட்டான். ஏனென்று கேட்டேன். தோற்றால் குறைந்துவிடும் என்றான். அந்தப் பதில் என்னை உறுத்தியது. இந்த எண்ணை யார் கண்டுபிடித்தார், எதற்காகக் கண்டுபிடித்தார் என்று தேடப் போய்த்தான் அர்பாட் எலோவின் வாழ்க்கைக்குள் நுழைந்தேன்.

எலோ என்பது ஏதோ மூன்று சொற்களின் சுருக்கம் என்றே நீண்டகாலம் நினைத்திருந்தேன். ஆங்கிலத்தில் பலர் அதைப் பெரிய எழுத்துகளில் எழுதுவதால் வந்த மயக்கம் அது. தமிழில் எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

1903 ஓகஸ்ட் 25 அன்று, அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் எக்யாசாஷ்கெஸோ என்ற ஹங்கேரியக் கிராமத்தில் அவர் பிறந்தார். 1913இல் பெற்றோருடன் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். அடுத்த ஆண்டு முதலாம் உலகப் போர் வெடித்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து, விஸ்கொன்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரிலுள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தைப் பல தசாப்தங்கள் கற்பித்தார். பகலில் விரிவுரை, மிச்ச நேரத்தில் சதுரங்கம். மாநிலச் சம்பியன் பட்டத்தை 8 தடவை வென்றிருக்கிறார். உலகச் சம்பியன்களின் வரிசையில் வைக்கக்கூடிய ஆட்டக்காரர் அல்ல. ஆனால் தோல்வி எப்படி வலிக்கும் என்று அறிந்த, நல்ல ஆட்டக்காரர். அதனால்தானோ என்னவோ, அவரது கணக்கில் தோல்விக்கும் ஒரு நியாயமான இடம் இருக்கிறது.

அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1950 முதல் கென்னத் ஹார்க்னெஸ் வகுத்த முறையைப் பயன்படுத்தி வந்தது. எளிமையான முறை: எதிராளிகளின் சராசரிப் புள்ளியை எடுத்து, 50 வீதத்துக்கு மேலோ கீழோ பெறும் ஒவ்வொரு வீதத்துக்கும் 10 புள்ளிகள் கூட்டிக் கழிப்பது. அதன் கோணல் எங்கே தெரியுமென்றால், 1300 புள்ளிக்காரர் ஒருவர் சராசரி 1850 உள்ள எதிராளிகளிடம் எல்லா ஆட்டங்களிலும் தோற்றாலும், அந்தத் தொடருக்கு அவருக்குக் கிடைப்பது 1350. ஒன்றிலும் வெல்லாமலே 50 புள்ளிகள் அதிகம்!

ஆய்வுகூடத்தில் அளவீட்டுப் பிழைகளோடு பழகிய எலோவுக்கு இது பொறுக்கவில்லை. ஒருவரின் ஆட்டம் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு சராசரியைச் சுற்றி மேலும் கீழும் ஊசலாடும் என்பதிலிருந்து அவர் தொடங்கினார். அந்த ஊசலாட்டத்தின் நியம விலகலை 200 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டார். இருவருக்கிடையிலான புள்ளி வித்தியாசம் தெரிந்தால், யார் எத்தனை வீதம் பெறுவார் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். சமமானால் 50. 200 வித்தியாசமென்றால் வலியவருக்கு ஏறத்தாழ 76. ஆட்டம் முடிந்ததும், எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி மட்டுமே புள்ளியை அசைக்கும். ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 20 புள்ளி அசையும் என்று வைத்துக்கொண்டால், 200 புள்ளி கூடியவரை வென்றால் எனக்கு 15. தோற்றால் போவது 5 மட்டுமே.

1960இல் அமெரிக்கச் சம்மேளனமும் 1970இல் உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபீடேயும் இந்த முறையை ஏற்றுக்கொண்டன. அப்போது எலோவுக்கு வயது 67 ஆகப் போகிறது. ஓய்வுக்குரிய வயதில், உலக ஆட்டக்காரர்களின் பட்டியலைக் கல்குலேட்டர் துணையோடு தானே கணக்கிட்டுக்கொண்டிருந்தார். 1972இல் பொபி ஃபிஷரின் 2785 அப்படி வந்த எண்தான். 1978இல் தன் முறையை விளக்கிப் புத்தகமும் எழுதினார்.

தன் கருவியை அவர் பெரிதாக நம்பிவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். தண்ணீரில் தத்தளிக்கும் தக்கை எங்கே இருக்கிறதென்று, காற்றிலாடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதைப் போன்றது இந்த வேலை என்று அவர் ஒப்பிட்டிருக்கிறார். இளம் ஆட்டக்காரர்கள் பலகையை விட்டுவிட்டு எண்ணைத் துரத்துவது பிற்காலத்தில் அவருக்குக் கவலையாகவும் இருந்தது. என் மருமகனை அவர் முன்கூட்டியே பார்த்துவிட்டார் போலும்.

உயர்தரம் எழுதிய நம்மவர்களுக்கு இதை இசட் புள்ளியை வைத்து இலகுவாகச் சொல்லலாம். இசட் புள்ளி உங்கள் அறிவின் அளவு அல்ல. அதே பாடத்தை எழுதிய மற்றவர்களுக்கு நடுவே உங்கள் இடம். எலோவின் எண்ணும் அப்படித்தான். கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். லிசெஸ்ஸின் 1500உம் செஸ் டொட் கொமின் 1500உம் ஃபீடேயின் 1500உம் ஒன்றல்ல.

1992 நவம்பர் 5 அன்று விஸ்கொன்சினில் தன் 89ஆவது வயதில் எலோ காலமானார். அதே ஆண்டின் ஜனவரியில்தான் இணையச் சதுரங்கச் சேவையகம் ஒன்று முதன்முதலாக இயங்கத் தொடங்கியிருந்தது. மூன்று நிமிட ஆட்டத்துக்கும் நள்ளிரவில் புள்ளி போடும் உலகத்தை அவர் பார்க்கவில்லை. பின்னர் மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் கிளிக்கோ முறையை உருவாக்கினார். லிசெஸ் பயன்படுத்துவது அதன் இரண்டாம் வடிவத்தை. முதல் இரவில் நான் அவ்வளவு வேகமாகச் சரிந்ததற்குக் காரணம் அதுதான்: என்னைப் பற்றி அதற்கு இன்னும் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் வாசித்த பிறகு நான் பெரிய ஆட்டக்காரனாகிவிடவில்லை. ஆனால் சமமானவர்களோடு ஆடும்போது தொடர்ந்து 5 தோல்விகள் வருவது 32இல் ஒரு தடவை நடக்கக்கூடியதுதான் என்று தெரிந்தது. இரவில் இரண்டு ஆட்டம் தோற்றால் நிறுத்திவிட்டு, காலையில் அவற்றை மெதுவாகத் திருப்பிப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒரே தவறுதான்: குதிரையைக் கவனிக்காமல் விடுவது. நகர்வுக்கு 2 விநாடி கூட்டித் தரும் ஆட்டங்களுக்கு மாறியதும் நேரம் முடிந்து தோற்பது குறைந்தது.

போன ஞாயிறு இந்தக் கதை முழுவதையும் மருமகனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் எலோவின் சொந்தப் புள்ளி எவ்வளவு மாமா என்று கேட்டான். சிரித்துக்கொண்டே ஓர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். வந்தான். ஆனால் புள்ளிக் கணக்கில் சேராத ஆட்டமாக இருக்க வேண்டும் என்றான்.