50 சென்ட் புத்தகம்

அமெரிக்காவின் மேரிலாந்தில் 1818இல் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் பிரெடரிக் டக்ளஸ். பிறந்த நாள் எதுவென்று அவருக்கே தெரியாது. சிறுவயதிலேயே பால்டிமோர் நகரில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். எஜமானி சோபியா ஆல்ட் அவருக்கு எழுத்துகளைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். கணவர் ஹியூ ஆல்ட் தடுத்துவிட்டார். படித்தவன் அடிமையாக இருக்க மாட்டான் என்று அவர் காரணம் சொன்னதை, அருகில் நின்ற பிரெடரிக்கும் கேட்டார். அன்றே படிப்பின் மதிப்பு அவருக்குப் புரிந்துவிட்டது!

பிறகு தெருதான் பள்ளிக்கூடம். பசித்த ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் கேட்டார். பூட்ஸ்களுக்குப் பாலிஷ் போட்டுச் சம்பாதித்த 50 சென்டில், சுமார் 12 வயதில், ‘கொலம்பியன் ஆரேட்டர்’ என்ற சொற்பொழிவுத் தொகுப்பை வாங்கினார். பள்ளி மாணவர்கள் மனப்பாடம் செய்து பேசிப் பழகிய புத்தகம் அது. அதில் ஓர் அடிமை எஜமானின் வாதங்களுக்கெல்லாம் பதில் சொல்லி விடுதலை பெறும் உரையாடல் உண்டு. அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்கு உரிமை கேட்கும் உரையும் உண்டு. இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தார். மனத்தில் எழுந்து, சொல்லத் தெரியாமல் மடிந்துபோன எண்ணங்களுக்கெல்லாம் அங்கே வார்த்தை கிடைத்தது.

ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை: அபாலிஷன். அடிமை ஓடிப்போனாலும், எஜமானின் களஞ்சியம் எரிந்தாலும் வெள்ளையர்கள் அந்தச் சொல்லைத்தான் கோபமாகச் சொன்னார்கள். அகராதியைப் புரட்டினார். ஒழிக்கும் செயல் என்றிருந்தது. எதை ஒழிப்பது? யாரிடமும் கேட்கப் பயம். கடைசியில் ஒரு செய்தித்தாள் விடை சொன்னது. தலைநகர்ப் பகுதியில் அடிமைமுறையை ஒழிக்கக் கோரி வடக்கு மாநிலத்தவர்கள் மனுக் கொடுத்த செய்தி அது. தன்னை அடிமையாக வைத்திருக்கும் முறையை எதிர்ப்பவர்களும் நாட்டில் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

1838 செப்டம்பர் 3இல் தப்பி வடக்கே போனார். 1841 முதல் மேடைகளில் பேசினார். இவ்வளவு நல்ல ஆங்கிலம் பேசுபவர் அடிமையாக இருந்திருப்பாரா என்று சந்தேகப்பட்டார்கள். இந்தக் கேள்வி நம் வாசகர்கள் பலருக்கும் புதிதல்ல. 1845இல் எஜமானர்களின் பெயரோடு சுயசரிதை எழுதினார். அதனால் பிடிபடும் ஆபத்து வந்தது, பிரிட்டனுக்குக் கப்பலேறினார். அங்குள்ள நண்பர்கள் 1846இல் பணம் திரட்டி அவரது விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். அடுத்த ஆண்டே ஊர் திரும்பி, ‘நார்த் ஸ்டார்’ பத்திரிகையைத் தொடங்கினார்.